பீனால்கமீன்

பீனால்கமீன் என்பது முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து கிடைக்கும் எண்ணெயை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தயாரிக்கப்படும் ஒரு வகை எப்பாக்சி கடினமாக்கி ஆகும். இது எப்பாக்சி பிசினுடன் கலக்கப்படும்போது இரண்டும் வேதிவினை புரிந்து, மீண்டும் உருகாத, கரையாத கெட்டிப் படலமாக மாறுகின்றன. கப்பல்களின் உட்தொட்டிகள், கடலோர எண்ணெய் மேடைகள், பாலங்கள், குழாய்கள், தொழிற்சாலைத் தளங்கள் ஆகியவற்றில் துருவையும் அரிப்பையும் தடுக்கப் பூசப்படும் கனமான பூச்சுகளில் பீனால்கமீன் பயன்படுகிறது.

தாவரப் பொருட்களிலிருந்து எப்பாக்சி கடினமாக்கிகளைச் செய்யும் முயற்சிகள் பல உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆய்வகத்தைத் தாண்டவில்லை. தொழிலில் நெடுங்காலமாக நிலைபெற்றவற்றுள் முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து வரும் பீனால்கமீனும், பைன் மர எண்ணெய் முதலியவற்றிலிருந்து வரும் பாலிஅமைடும் முதன்மையானவை. பீனால்கமீன் இந்த இடத்தைப் பிடித்ததற்கு அது தாவரத்திலிருந்து வருவது காரணமன்று. குளிரிலும் ஈரத்திலும் பிற கடினமாக்கிகள் தடுமாறும் நிலையில் இது இறுகிவிடுகிறது என்பதே காரணம். இப்பண்பு அந்த எண்ணெயின் மூலக்கூறு அமைப்பிலிருந்தே வருகிறது. முந்திரி உடைக்கும் தொழிலாளரின் கைகளைப் புண்ணாக்குவதும் ஏறக்குறைய அதே அமைப்புத்தான்.

எப்பாக்சி இறுகுதல்

கடைகளில் இரண்டு குப்பிகளாக விற்கப்படும் பசையைப் பலரும் பார்த்திருப்பர். ஒன்றில் பிசின், மற்றொன்றில் கடினமாக்கி இருக்கும். தொழிலகப் பூச்சுகளும் இவ்வாறே இரு பகுதிகளாக வருகின்றன. பரவலாகப் பயன்படும் பிசின், பிசுபீனால் ஏ, எபிகுளோரோஐதரின் என்னும் இரு வேதிப்பொருட்களை வினைபுரியச் செய்து பெறப்படுவது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் காசுட்டான் 1930களிலும், அமெரிக்காவைச் சேர்ந்த சில்வன் கிரீன்லீ 1940களிலும் இத்துறையின் அடிப்படைக் காப்புரிமைகளைப் பெற்றனர்.

இப்பிசின் மூலக்கூறின் இரு முனைகளிலும் எப்பாக்சி வளையங்கள் உள்ளன. ஒவ்வொரு வளையமும் இரண்டு கரிம அணுக்களும் ஓர் ஆக்சிசன் அணுவும் சேர்ந்த சிறு முக்கோணம் ஆகும். முக்கோணமாக வளைக்கப்பட்டிருப்பதால் அது இறுக்கமான நிலையில் இருக்கிறது. தகுந்த துணை கிடைத்தால் எளிதில் திறந்துகொள்ளும். அந்தத் துணையாக அமீன்கள் அமைகின்றன. அமீனில் நைட்ரசனுடன் இணைந்துள்ள ஒவ்வோர் ஐதரசன் அணுவும் ஒரு வளையத்தைத் திறந்து இணையவல்லது. முதல்நிலை அமீன் தொகுதி ஒன்றில் இத்தகைய ஐதரசன்கள் இரண்டு இருப்பதால் அது இரு வளையங்களைப் பிடிக்கும். ஒரு மூலக்கூறில் இவ்வாறான ஐதரசன்கள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், பிசின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாக மட்டும் இணையாமல் வலைபோலக் குறுக்காகவும் பின்னிக்கொள்கின்றன. திரவம் திண்மமாவது இதனால்தான். வண்ணம் பூசுவோர் இதனைச் 'செட் ஆவது' என்பர்.

இவ்வினையில் கடினமாக்கி வினையூக்கி அன்று. அது படலத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. எனவே அளவு முதன்மையானது. வளையங்களின் எண்ணிக்கையும் ஐதரசன்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். கூடினால் வினைபுரியாத அமீன் படலத்தில் தங்கும். குறைந்தால் பிசின் முழுமையாக இறுகாது. "விரைவில் காயட்டும்" என்று கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றும் வழக்கம் சில பணியிடங்களில் உண்டு. அது தவறான வழக்கம்.

முந்திரி ஓட்டு எண்ணெய்

முந்திரி மரம் பிரேசிலின் வடகிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதனை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். குமரி மாவட்டத்தில் கொல்லாமரம் என்றும், இலங்கைத் தமிழரிடையே மரமுந்திரிகை என்றும் இது வழங்கப்படுகிறது. மா, சேங்கொட்டை, சீன, சப்பானிய அரக்கு மரம் ஆகியவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாங்காயைக் காம்பிலிருந்து ஒடிக்கும்போது வடியும் பால் பட்டால் தோல் வெந்துபோவதும், சலவைத் தொழிலாளர் துணிகளில் அழியாக் குறியிடச் சேங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்தியதும், அரக்கு மரத்தின் பால் காற்றில் இறுகி வழவழப்பான மெருகுப் பூச்சாவதும் ஒரே குடும்பத்தின் வேதியியல் ஒற்றுமையைக் காட்டுவன. இக்குடும்ப மரங்கள் பலவும் நீண்ட கொழுப்பு வால் ஒன்றைச் சுமக்கும் பீனால் வகைச் சேர்மங்களை உண்டாக்குகின்றன.

முந்திரிக்கொட்டையின் ஓடு மூன்று அடுக்குகளால் ஆனது. வெளித்தோலுக்கும் உட்தோலுக்கும் இடையே தேன்கூடு போன்ற நுண்ணறைகள் உள்ளன. எண்ணெய் அவற்றில் தேங்கி நிற்கிறது. ஓட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இவ்வெண்ணெய் இருக்கும். பருப்பைப் பூச்சிகளிடமிருந்து காப்பது இதன் இயற்கைப் பணி எனக் கருதப்படுகிறது.

சூடுபடுத்தாமல் எடுக்கப்படும் எண்ணெயில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம் ஆகும். இதன் பங்கு 60 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். எஞ்சியது கார்டால், கார்டனால் என்னும் சேர்மங்கள். அனகார்டிக் அமிலத்தைச் செருமானிய வேதியியலாளர் சுடேடெலர் 1847இல் விவரித்தார். இவ்வமிலத்தைச் சூடாக்கினால் அது கார்பன் டைஆக்சைடை இழந்து கார்டனாலாக மாறிவிடும். ஆகவே தொழிலில் கிடைக்கும் சூடுபட்ட எண்ணெயில் 60 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது கார்டனாலே. பழைய எண்ணெய்த் தொட்டி முறையில் கொட்டைகளை 180 முதல் 200 பாகை செல்சியசு வரை சூடாக்கப்பட்ட அதே எண்ணெயில் அமிழ்த்துவர்; அறைகள் வெடித்து எண்ணெய் தொட்டியிலேயே வடியும். இன்று பரவலாகவுள்ள முறையில் கொட்டைகளை நீராவியில் வேகவைத்து உடைத்து, ஓட்டைத் தனியே செக்கில் பிழிகின்றனர். உருளையில் இட்டு நேரடியாகத் தீயில் வறுக்கும் முறையும் இருந்தது. அதில் எண்ணெய் பெரும்பாலும் எரிந்து கரும்புகையாகப் போகும். இன்றைய பூச்சுத் தொழில் விலை கொடுத்து வாங்கும் பொருளை அந்நாளில் புகைபோக்கி வழியே விட்டுக்கொண்டிருந்தனர் என்று சொல்லலாம்.

இவ்வெண்ணெயைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதில் அமெரிக்காவின் மார்ட்டிமர் ஹார்வி முன்னோடியாவார். 1920களின் இறுதியிலிருந்து அவர் இது தொடர்பாகப் பல காப்புரிமைகளைப் பெற்றார். மின்காப்பு மெருகெண்ணெய்களும், ஊர்திகளின் தடைப்பட்டைகளில் சேர்க்கப்படும் உராய்வுத் தூளும் முதற் பயன்களாக இருந்தன. தடைப்பட்டைப் பயன் இன்றும் தொடர்கிறது. இந்தியாவில் இவ்வெண்ணெயின் தரத்தை இந்தியத் தர நிர்ணயம் 840 வரையறுக்கிறது.

கார்டனாலின் அமைப்பு

கார்டனால் மூலக்கூறை ஒரு தலையும் வாலும் கொண்டதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். தலை, பென்சீன் வளையத்தில் ஓர் ஐதராக்சில் தொகுதி அமைந்த பீனால். வால், 15 கரிம அணுக்கள் கொண்ட நேர்ச் சங்கிலி. அது ஐதராக்சில் தொகுதியிலிருந்து ஓர் இடம் தள்ளி வளையத்துடன் இணைந்துள்ளது. வாலில் இரட்டைப் பிணைப்பு எதுவும் இல்லாத மூலக்கூறுகளும், ஒன்று, இரண்டு, மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட மூலக்கூறுகளும் கலந்தே கிடைக்கின்றன. சராசரியாக மூலக்கூறுக்கு இரண்டு என்று கொள்ளலாம்.

தலை நீரை விரும்பும் பக்கம், வால் நீரை வெறுக்கும் பக்கம். பீனாலைப் பெட்ரோலியத்திலிருந்து செய்து, அதனுடன் இத்தகைய நீண்ட வாலை உரிய இடத்தில் இணைப்பது எளிதன்று. மரம் அதனைச் செய்து, கழிவாக எறியப்படும் ஓட்டில் வைத்துத் தந்துவிடுகிறது. உணவுப் பயிருக்கான நிலத்தையோ உணவையோ இதற்கென எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பருப்புக்காகவே மரம் வளர்க்கப்படுகிறது; ஓடு துணைவிளைவு. இதற்கு மறுபக்கமும் உண்டு. எண்ணெயின் தேவை கூடினாலும் அதற்காக மட்டும் யாரும் முந்திரி பயிரிடமாட்டார்கள். எண்ணெயின் அளவைப் பருப்புச் சந்தையே தீர்மானிக்கிறது.

தயாரிப்பு

முதலில் எண்ணெயைக் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்துக் கார்டனாலைப் பிரிக்கின்றனர். சாதாரண அழுத்தத்தில் காய்ச்சினால் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றோடொன்று இணைந்து எண்ணெய் தாராக இறுகிவிடும். வடித்தபின் கலனில் தங்கும் கரிய எச்சமும் வீணாவதில்லை. அது உராய்வுப் பொருட்களுக்கும் மலிவான பிசின்களுக்கும் செல்கிறது.

அடுத்து நிகழ்வது மானிச் வினை. செருமானிய வேதியியலாளர் கார்ல் மானிச் 1912இல் வெளியிட்ட ஆய்வால் அவர் பெயர் பெற்ற வினை இது. கார்டனால், பார்மால்டிகைடு, ஓர் அமீன் ஆகிய மூன்றும் சேர்ந்து, நீர் மூலக்கூறு ஒன்று வெளியேற, ஒரே மூலக்கூறாகின்றன. பார்மால்டிகைடின் கரிம அணு பாலமாக நின்று, பென்சீன் வளையத்தில் ஐதராக்சில் தொகுதிக்கு அடுத்தோ எதிரிலோ உள்ள இடத்துடன் அமீனின் நைட்ரசனைப் பிணைக்கிறது. அமீனாக எத்திலீன்டையமீன், டைஎத்திலீன்டிரையமீன் போன்றவை பயன்படுத்தப்படுகின்றன. வினையில் தோன்றும் நீரை வடித்து நீக்கியபின் எஞ்சும் செம்பழுப்பு நிறத் திரவமே பீனால்கமீன்.

வால் அப்படியே இருக்கிறது, பீனால் ஐதராக்சிலும் அப்படியே இருக்கிறது, புதிதாக அமீன் கை ஒன்று முளைத்திருக்கிறது. இம்மூன்றும் பூச்சில் தனித்தனி வேலைகளைச் செய்கின்றன.

சாதாரண பீனாலைக் கொண்டும் இதே வினையைச் செய்து கடினமாக்கிகள் தயாரிக்கப்படுகின்றன. அவற்றில் வினைபுரியாமல் எஞ்சும் பீனால் நஞ்சாகவும் தோலை அரிப்பதாகவும் இருப்பதால் கையாள்வது இடர்மிக்கது. நோனைல்பீனால் என்னும் சேர்மமும் கடினமாக்கிகளில் நெடுங்காலம் சேர்க்கப்பட்டது. உயிரினங்களின் சுரப்பிகளைக் குழப்பும் தன்மையுடையதால் 4-நோனைல்பீனாலை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. அது வகித்த இடத்துக்கு மாற்றாகவும் கார்டனால் பயன்படுகிறது.

பூச்சில் இதன் செயற்பாடு

குளிரில் வேதிவினைகள் மெதுவாகும். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பூச்சுத் தொழிலில் தோராயமாகக் கொள்ளப்படும் கணக்கு. பாலிஅமைடு போன்ற கடினமாக்கிகள் 10 பாகை செல்சியசுக்குக் கீழே மிகவும் மந்தமாகிவிடும். பீனால்கமீனில் உள்ள பீனால் ஐதராக்சில், எப்பாக்சி வளையத்தின் ஆக்சிசனுடன் ஐதரசன் பிணைப்பை ஏற்படுத்தி வளையம் திறப்பதை எளிதாக்குகிறது. அதாவது வினைக்கு வேண்டிய முடுக்கி மூலக்கூறுக்குள்ளேயே பொதிந்துள்ளது. இதனால் உறைநிலையை அண்டிய வெப்பநிலையிலும் பூச்சு இறுகுகிறது.

ஈரமான காற்றில் சிறிய அமீன்களுக்கு மற்றொரு தொல்லை உண்டு. பூச்சின் மேற்பரப்பில் உள்ள அமீன், காற்றிலுள்ள நீராவியுடனும் கார்பன் டைஆக்சைடுடனும் வினைபுரிந்து கார்பமேட்டு உப்பாக மாறி, எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற அல்லது வெண்மையான படிவாகப் படரும். அதன்மேல் அடுத்த பூச்சு ஒட்டாது. ஒட்டியதுபோல் இருந்து சில மாதங்களில் தோலாக உரியும். பீனால்கமீன் பெரிய மூலக்கூறு, நீரை எளிதில் ஈர்க்காதது, விரைந்து வினைபுரிவது. ஆதலால் இப்படிவு மிகவும் குறைவு.

இறுகிய பின்னர் வாலின் பயன் தெரிகிறது. 15 கரிம அணுக்கள் கொண்ட கொழுப்புச் சங்கிலி படலம் முழுவதும் பரவியிருப்பதால் நீர் அதனுள் ஊடுருவுவது கடினமாகிறது. உப்புநீரில் மூழ்கிக் கிடக்கும் எஃகுக்கு இது பெரிய பாதுகாப்பு. வால் வளையக்கூடியது என்பதால் படலத்துக்கு ஓரளவு நெகிழ்ச்சியும் கிடைக்கிறது. மேலும், முழுமையாக உலராத அல்லது சற்றே துரு எஞ்சிய எஃகின்மீதும் இப்பூச்சு பிற அமீன் பூச்சுகளைவிட நன்றாகப் பற்றுகிறது. பரப்பைத் துப்புரவு செய்யாமல் பூசலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

கலக்கும் அளவிலும் ஒரு நன்மை உண்டு. மேலே கூறிய வினையில் கார்டனால், பார்மால்டிகைடு, எத்திலீன்டையமீன் ஒவ்வொன்றும் ஒரு மூலக்கூறு வீதம் சேர்ந்தால் விளையும் பொருளின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 372. வினைபுரியும் ஐதரசன்கள் 3. ஆகவே ஓர் ஐதரசனுக்கான எடை 124. வழக்கமான திரவ எப்பாக்சி பிசினில் ஒரு வளையத்துக்கான எடை ஏறத்தாழ 190. எனவே 100 பங்கு பிசினுக்குச் சுமார் 65 பங்கு கடினமாக்கி வேண்டும். டிரைஎத்திலீன்டெட்ராமீன் என்னும் சிறிய அமீனுக்கு இதே கணக்கைப் போட்டால் 100 பங்குக்குச் சுமார் 13 பங்கு மட்டுமே வரும். பணியிடத்தில் அளவு 2 பங்கு தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 13இல் 2 என்பது 15 விழுக்காட்டுப் பிழை. 65இல் 2 என்பது 3 விழுக்காட்டுப் பிழை. காற்று வீசும் கப்பல்துறையில் வாளியும் கலக்கியும் கொண்டு வேலை செய்பவருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

கப்பலின் நிலைநீர்த் தொட்டிகள்

பீனால்கமீன் பூச்சுகளின் தேவையை நன்கு விளக்கும் இடம் கப்பலின் நிலைநீர்த் தொட்டி ஆகும். சரக்கின்றிச் செல்லும் கப்பல் மிதப்பில் நிலைகுலையாதிருக்கக் கடல்நீரை இத்தொட்டிகளில் நிரப்பிக்கொள்கிறது. சரக்கு ஏற்றும்போது நீரை வெளியேற்றுகிறது. ஆக, தொட்டியின் எஃகு சில நாட்கள் உப்புநீரில் மூழ்கியும், சில நாட்கள் வெப்பமும் ஈரமும் நிறைந்த உப்புக் காற்றிலும் இருக்கிறது. துருப்பிடிக்க இதைவிட ஏற்ற சூழல் அரிது. குறுகிய அறைகளும் விறைப்புச் சட்டங்களும் நிறைந்த உட்பகுதியில் பழுது பார்ப்பதும் கடினம். இங்கே எஃகு மெலிந்தால் கப்பலின் உடலே வலுவிழக்கும்; உள்ளே இருப்பது மனித உயிர்கள்.

முற்காலத்தில் இத்தொட்டிகளில் நிலக்கரித்தார் கலந்த எப்பாக்சி பூசப்பட்டது. அது மலிவானது, நீரை நன்றாகத் தடுப்பது; ஆனால் தாரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் உள்ளன. நிறமும் கருமை என்பதால் இருண்ட தொட்டிக்குள் கைவிளக்குடன் நுழையும் ஆய்வாளரால் துருவையும் வெடிப்பையும் எளிதில் கண்டறிய இயலாது.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2006 திசம்பரில் இத்தொட்டிகளின் பூச்சுக்கான செயல்தரத்தை ஏற்றுக்கொண்டது. 2008 சூலை 1 முதல் ஒப்பந்தமாகும் கப்பல்களுக்கு அது பொருந்தியது. பூச்சு 15 ஆண்டுகள் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. எப்பாக்சி அடிப்படையிலான பூச்சுக்கு உலர்ந்த நிலையில் 320 மைக்ரோமீட்டர் தடிப்பு, மேற்பூச்சு வெளிர் நிறம், பூசும்போது காற்றின் ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேற்படாமை, எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருத்தல் முதலியன அதில் விதிக்கப்பட்டுள்ளன.

உலகின் கப்பல்களில் பெரும்பகுதி சீனா, தென்கொரியா, சப்பான் ஆகிய நாடுகளில் கட்டப்படுகிறது. அங்கு மாரிக்காலம் கடுமையானது. கப்பல் பெரும் துண்டுகளாகச் செய்யப்பட்டு, துண்டுகள் பூச்சு முடிந்தபின் ஒன்றிணைக்கப்படுகின்றன. ஒரு துண்டின் பூச்சு இறுகாமல் அடுத்த வேலை தொடங்காது. குளிரில் இரண்டு நாட்கள் காத்திருப்பதற்கும் மறுநாளே நகர்த்துவதற்கும் உள்ள வேறுபாடு கப்பல்துறையின் வருவாயைத் தீர்மானிக்கும். பீனால்கமீனுக்கு அங்கே இடம் கிடைத்த காரணம் இதுவே.

குறைபாடுகள்

முதற்குறை நிறம். பீனால்கமீன் இயல்பாகவே செம்பழுப்பு நிறமுடையது; வெயில் பட்டால் மேலும் மஞ்சளாகும். வெளிர் நிற நிறமிகளைச் சேர்த்துத் தொட்டிகளில் சமாளிக்கலாம், அங்கு வெயிலும் இல்லை. ஆனால் வெளியே தெரியும் மேற்பூச்சுக்கு இது ஏற்றதன்று. அங்கு இதனை அடிப்பூச்சாக இட்டு, மேலே பாலியூரித்தேன் பூசுவதே முறை. வெளிர் நிற வகைகளும் இப்போது விற்பனையில் உள்ளன.

நீரைத் தடுக்கும் அதே வால் வேறிடத்தில் குறையாகிறது. அது வலையைத் தளர்த்துவதால், வெப்பத்தில் படலம் மென்மையாகத் தொடங்கும் வெப்பநிலை குறைகிறது. கடுமையான கரைப்பான்களையும் செறிந்த அமிலங்களையும் தாங்குவதிலும் வளைய அமீன்களைக் கொண்ட பூச்சுகளே மேலானவை. வேதிப்பொருட்களைச் சுமக்கும் கப்பலின் சரக்குத் தொட்டிக்குப் பீனால்கமீனை யாரும் முதலில் நாடுவதில்லை.

பிற தாவரவழிக் கடினமாக்கிகள்

பாலிஅமைடு கடினமாக்கிகள் தாவர எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களிலிருந்து வருகின்றன. பைன் மரத்திலிருந்து காகிதக்கூழ் செய்யும்போது துணைவிளைவாகக் கிடைக்கும் 'டால் எண்ணெய்' இதன் முக்கிய மூலம். இப்பெயரிலுள்ள 'டால்' என்பது பைன் மரத்தைக் குறிக்கும் சுவீடிய மொழிச் சொல். உயரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுடன் இதற்குத் தொடர்பில்லை. 18 கரிம அணுக்கள் கொண்ட இரு கொழுப்பு அமிலங்களைக் களிமண் வினையூக்கியுடன் சூடாக்கி 36 கரிம அணுக்கள் கொண்ட இரட்டை அமிலமாக்கி, அதனை அமீன்களுடன் வினைபுரியச் செய்கின்றனர். இப்பூச்சுகள் நெகிழ்வானவை, நீருக்கு நன்கு ஈடுகொடுப்பவை, மெதுவானவை. கலந்தபின் சிறிது நேரம் காத்திருந்து பூச வேண்டும் என்ற விதியும் பெரும்பாலும் உண்டு. பாலிஅமைடும் பீனால்கமீனும் கலந்த கடினமாக்கிகளும் பயன்பாட்டில் உள்ளன. கற்பூரத்தைலம் எனப்படும் டர்ப்பன்டைனிலிருந்து பெறப்படும் மெந்தேன் டையமீனும் ஒரு கடினமாக்கியே. மரத்தின் லிக்னின், தோல் பதனிடும் தானின், உமி போன்றவற்றிலிருந்து வரும் பர்பியூரால் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வுகள் நடைபெறுகின்றன.

தாவரப் பங்கு எவ்வளவு

'தாவர மூலம்' என்ற சொல் விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குவதால் இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. மேலே கண்ட பீனால்கமீன் மூலக்கூறில் 24 கரிம அணுக்கள் உள்ளன. அவற்றில் 21 கார்டனாலில் இருந்து, அதாவது மரத்திலிருந்து வந்தவை. பார்மால்டிகைடின் ஒன்றும் எத்திலீன்டையமீனின் இரண்டும் இயற்கை எரிவளி, பெட்ரோலியம் ஆகியவற்றிலிருந்து வருபவை. எனவே கடினமாக்கியின் கரிமத்தில் 87.5 விழுக்காடு தாவரத்தினுடையது. அமீனைக் கூடுதலாகச் சேர்த்துச் செய்யப்படும் வகைகளில் இது குறையும்.

ஆனால் படலம் கடினமாக்கியால் மட்டும் ஆனதன்று. இம்மூலக்கூறின் 3 ஐதரசன்களுக்கு 3 வளையங்கள், அதாவது ஒன்றரைப் பிசின் மூலக்கூறுகள் வேண்டும். ஒவ்வொரு பிசின் மூலக்கூறிலும் 21 கரிம அணுக்கள் இருப்பதால் 31.5 அணுக்கள் பெட்ரோலியத்திலிருந்து சேர்கின்றன. மொத்தம் 55.5இல் 21 மட்டுமே தாவரத்தினுடையவை. அதாவது 38 விழுக்காடு. எபிகுளோரோஐதரினைத் தாவர எண்ணெயின் கிளிசரினிலிருந்து செய்யும் முறை தொழிலளவில் நடைமுறையில் உள்ளது. அத்தகைய பிசினைப் பயன்படுத்தினால் மேலும் 9 அணுக்கள் தாவரக் கணக்கில் சேர்ந்து 54 விழுக்காடு ஆகும். பிசுபீனால் ஏ எஞ்சிய சிக்கலாக நிற்கிறது.

இக்கணக்கை ஆய்வகத்திலும் சரிபார்க்கலாம். உயிருள்ள மரத்தின் கரிமத்தில் கதிரியக்கக் கரிமம்-14 சிறிதளவு இருக்கும். பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த பெட்ரோலியத்தில் அது முற்றிலும் சிதைந்திருக்கும். தொல்லியலாளர் பழம்பொருட்களின் வயதறியப் பயன்படுத்தும் அதே முறையால் ஒரு பூச்சின் தாவரப் பங்கையும் அளக்க முடியும். ஏஎஸ்டிஎம் டி6866 என்னும் அமெரிக்கத் தரமுறை இதற்கானது.

பாதுகாப்பு

தாவரத்திலிருந்து வந்தது என்பதால் பீனால்கமீன் தீங்கற்றது என்று எண்ணுவது தவறு. பிற அமீன் கடினமாக்கிகளைப் போல இதுவும் தோலையும் கண்ணையும் அரிக்கக்கூடியது, ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஒருவருக்கு ஒவ்வாமை ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் பின்னர் மிகச் சிறிய அளவு பட்டாலும் தடிப்பும் அரிப்பும் தோன்றும். வண்ணம் பூசுவோர் சிலர் இதனால் தொழிலையே விட நேர்கிறது. கையுறை, கண்ணாடி, மூடிய தொட்டிக்குள் காற்றோட்டம் ஆகியவை இன்றியமையாதவை. கையில் ஒட்டியதைக் கரைப்பானால் துடைக்கக் கூடாது. கரைப்பான் அதனைத் தோலுக்குள் மேலும் செலுத்தும். சவர்க்காரமும் நீரும் கொண்டு உடனே கழுவ வேண்டும். முழுமையாக இறுகிய படலத்தில் இவ்விடர் பெரிதும் நீங்கிவிடுகிறது, ஏனெனில் அமீன் வலைக்குள் பிணைக்கப்பட்டுவிட்டது.

ஆனால் இப்பொருளின் இடர் கப்பல்துறையில் தொடங்குவதில்லை. அனகார்டிக் அமிலமும் கார்டாலும் நச்சுப் படர்கொடியில் உள்ள உருசியால் என்னும் பொருளின் உறவினர். கொழுப்பு வால் தோலின் எண்ணெய்ப் படலத்தை எளிதில் கடந்து செல்ல, தலை உள்ளே வினைபுரிந்து புண்ணாக்குகிறது. கேரளத்தின் கொல்லம், தமிழ்நாட்டின் பண்ருட்டி, குமரி மாவட்டம் ஆகிய இடங்களில் முந்திரி உடைக்கும் தொழிலில் பெரும்பாலும் பெண்களே ஈடுபட்டுள்ளனர். ஓட்டை உடைக்கும்போது தெறிக்கும் எண்ணெயால் விரல்கள் கறுத்துத் தோல் உரிவது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. கையில் சாம்பலையோ ஆமணக்கு எண்ணெயையோ பூசிக்கொண்டு வேலை செய்வது வழக்கம். கையுறை அணிந்தால் பருப்பு முழுதாக வருகிறதா என்பது விரலுக்குத் தெரிவதில்லை. உடைந்த பருப்புக்கு விலை குறைவு. கூலியோ பெரும்பாலும் எடைக் கணக்கில் அமைகிறது. ஆகவே கையுறை கொடுக்கப்பட்டாலும் கழற்றி வைக்கப்படுகிறது. இயந்திரத்தால் உடைக்கும் முறை வியட்நாமில் பரவலாகிவிட்டது. அந்நாடே இன்று முந்திரி பதப்படுத்துவதில் முதலிடம் வகிக்கிறது. கொட்டை விளைச்சலில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோசுட்டு முன்னணியில் உள்ளது. அங்கு விளையும் கொட்டையில் பெரும்பகுதி ஓட்டுடனேயே ஆசியாவுக்கு ஏற்றுமதியாவதால், ஓட்டு எண்ணெயும் ஆசியாவிலேயே பிழியப்படுகிறது.